டிசிபி-ஓ-மேட்டிக்: சொந்த ஊர்த் தியேட்டரில் முதல் காட்சி போட இந்த இலவச மென்பொருள் போதுமா?

சின்ன பட்ஜெட்டில் படம் எடுத்தவர்கள், படப்பிடிப்பு நடந்த ஊரிலேயே முதல் காட்சி போடலாம் என்று தியேட்டர் வாசலில் போய் நின்றால், மேனேஜர் கேட்கும் முதல் கேள்வி "டிசிபி ரெடியா?" என்பதுதான். பென்டிரைவில் எம்பி4 கொண்டுபோனால் புரொஜக்டர் கேபினுக்குள் மதிப்பில்லை. டிசிபி (டிஜிட்டல் சினிமா பேக்கேஜ்) என்பது தியேட்டர் சர்வர் படிக்கும் கோப்புத் தொகுப்பு. ஒவ்வொரு ஃபிரேமும் ஜேபெக் 2000 படமாகவும், ஒலி 48 கிலோஹெர்ட்ஸ் 24 பிட்டில் சுருக்கப்படாமலும் எம்எக்ஸ்எஃப் கோப்புகளில் இருக்கும். எது எங்கே இருக்கிறது என்று சர்வருக்குச் சொல்ல நாலைந்து எக்ஸ்எம்எல் கோப்புகள் கூடவே வரும்.

லேபில் கொடுத்தால் இதற்குக் காசு. கார்ல் ஹெதரிங்டன் உருவாக்கிப் பராமரித்துவரும் டிசிபி-ஓ-மேட்டிக் இதே வேலையை இலவசமாகச் செய்கிறது. திறமூல மென்பொருள். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். விருப்பமிருந்தால் நன்கொடை தரலாம்.

ஒரு தியேட்டர், ஒரு காட்சி என்றால் இது தாராளமாகப் போதும். ஒரு நிபந்தனை உண்டு: லேபில் மிச்சமான பணத்தில் ஒரு பங்கை எடுத்து, அதே தியேட்டரில், அதே திரையில் சோதனை ஓட்டம் பார்த்துவிட வேண்டும். போஸ்டர் அடிப்பதும் தேதி அறிவிப்பதும் அதற்குப் பிறகுதான். முதல் காட்சி சொதப்பிய இடங்களில் பெரும்பாலும் இந்த வரிசைதான் தலைகீழாகப் போயிருக்கும்.

மென்பொருளை இறக்குவதற்கு முன் தியேட்டரில் கேட்க வேண்டியவை

கேபின் ஆபரேட்டரிடம் நேரில் பேசுங்கள். மேனேஜருக்கு இந்த விவரமெல்லாம் பெரும்பாலும் தெரிந்திருக்காது. சர்வர், டிஜிட்டல் சினிமாவுக்கென்று வகுத்த டிசிஐ தரத்தில் உள்ளதா? பழைய இ-சினிமா பெட்டி என்றால் அது தனக்கென்று வேறு கோப்பு வடிவம் வைத்திருக்கும். அங்கே உங்கள் டிசிபிக்கு வேலையில்லை, அந்தப் பெட்டியை நிறுவிய கம்பெனி வழியாகத்தான் போயாக வேண்டும். டிசிஐ சர்வராகவே இருந்தாலும், வெளியிலிருந்து வரும் படத்தை ஏற்ற, கருவியை நிறுவிய டிஜிட்டல் கம்பெனிக்குக் கட்டணம் உண்டா என்று கேட்டு வையுங்கள். இந்தக் கட்டணத் தகராறில்தான் 2018 மார்ச்சில் தமிழ்த் தயாரிப்பாளர்கள் புதுப்பட வெளியீட்டையே நிறுத்தினார்கள் என்பது நினைவிருக்கட்டும். தியேட்டர் வாடகை பேசி முடித்தபின் இது புதிதாக முளைத்தால் பட்ஜெட் உதைக்கும்.

அடுத்து திரை. ஸ்கோப்புக்குப் பக்கவாட்டில் விரியும் திரையா, ஃப்ளாட்டுக்கு மேலே உயரும் திரையா? உங்கள் படம் 2.39 விகிதம் (ஸ்கோப்) என்றால் டிசிபியில் 2048×858, 1.85 (ஃப்ளாட்) என்றால் 1998×1080. அதிகம் நடக்கும் தப்பு இதில்தான். எடிட்டிங்கில் மேலும் கீழும் கறுப்புப் பட்டை போட்டு 1920×1080 கோப்பாக எடுத்துவிடுவார்கள். அதை அப்படியே ஃப்ளாட் டிசிபியாக்கி ஸ்கோப் திரையில் விட்டால், நாலு பக்கமும் கறுப்பு சூழ நடுவில் தபால்தலை மாதிரி படம் தெரியும். டிசிபி-ஓ-மேட்டிக்கில் வீடியோ பகுதிக்குப் போய் மேலே 138, கீழே 138 பிக்சல் வெட்டி, கன்டெய்னரை ஸ்கோப் என்று மாற்றினால் சரியாகிவிடும். பட்டையே போடாமல் கோப்பு எடுப்பது இன்னும் நல்லது.

ஃபிரேம் வேகம், அளவு, நேரம்

24 ஃபிரேமில் எடுத்தவர்களுக்குத் தொல்லை இல்லை. 23.976 என்றால் மென்பொருள் தானாகவே 24க்கு மாற்றி ஒலியையும் அதற்குச் சரிசெய்கிறது. 2 மணி நேரப் படத்தில் 7 நொடி குறையும், யாருக்கும் தெரியாது. 25 ஃபிரேம்தான் சிக்கல். அதை 24இல் ஓட்டினால் 2 மணி நேரப் படம் 5 நிமிடம் நீளும், குரல்களின் சுருதி இறங்கும். பாட்டு உள்ள படத்தில் காது உடனே கண்டுபிடித்துவிடும். எஸ்எம்பிடிஇ என்ற புதிய வகை டிசிபியில் 25ஐயும் 30ஐயும் அப்படியே வைக்க முடியும், இன்டரொப் என்ற பழைய வகையில் முடியாது. வைத்தாலும் எல்லா சர்வரும் ஏற்கும் என்ற உறுதி கிடையாது. செல்போனில் 30 ஃபிரேமில் எடுத்த படமென்றால் இரண்டு நிமிடத் துண்டு ஒன்றை டிசிபியாக்கி முதலில் அந்த சர்வரிலேயே ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

2கே போதும். 4கே தேர்ந்தெடுத்தால் கணினி மூச்சு வாங்குவதுதான் மிச்சம், ஊர்ப்பக்கத் தியேட்டர்களில் ஓடுவது பெரும்பாலும் 2கே புரொஜக்டர். படத்துக்கான பிட்ரேட் உச்சவரம்பு நொடிக்கு 250 மெகாபிட். சுயாதீனப் படத்துக்கு 100 முதல் 150 வரை வைத்தாலே திரையில் குறை தெரியாது. 100இல் 2 மணி நேரப் படம் சுமார் 90 ஜிபி வரும், 5.1 ஒலிக்கு (ஆறு சேனல்) இன்னும் 6 ஜிபி சேரும்.

நேரக் கணக்கு போடாமல் உட்காராதீர்கள். 2 மணி நேரப் படத்தில் 1,72,800 ஃபிரேம். உங்கள் கணினி நொடிக்கு 10 ஃபிரேம் தள்ளினால் ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. 5 ஃபிரேம்தான் என்றால் பத்து மணி நேரம் வரை. நண்பர்களின் லேப்டாப்களை ஒரே நெட்வொர்க்கில் இணைத்து, அவற்றில் இதன் என்கோட் சர்வரைத் திறந்து வைத்தால் வேலையைப் பங்கு போட்டுக்கொள்ளும். இலவச மென்பொருளில் இந்த வசதி இருப்பது பெரிய விஷயம்.

படத்தின் பெயரையும் ஃபோல்டர் பெயர்களையும் ஆங்கில எழுத்தில் வையுங்கள். தமிழ் எழுத்து சர்வர் பட்டியலில் கட்டம் கட்டமாகத் தெரியலாம்.

ஒலி: மாட்டிக்கொள்ளும் இடம்

படம் லேசாக மங்கலாக இருந்தால் ஜனம் பொறுத்துக்கொள்ளும். வசனம் புரியவில்லை என்றால் பின்வரிசையிலிருந்து சத்தம் கிளம்பிவிடும்.

யூடியூபுக்கென்று மிக்ஸ் செய்த ஸ்டீரியோ டிராக்கை அப்படியே டிசிபியில் போட்டால் இரண்டு வினை. ஒன்று, வசனம் இடது வலது ஸ்பீக்கர்களில் மட்டும் வரும், நடு ஸ்பீக்கர் ஊமையாக நிற்கும். ஓரத்து இருக்கைக்காரருக்குப் பக்கத்து ஸ்பீக்கர் மட்டும்தான் பேசும். இரண்டு, யூடியூப் மிக்ஸ் மைனஸ் 14 லஃப்ஸ் (சராசரி சத்தத்தின் அளவு) வரை இறுக்கிப் பிடித்திருக்கும். தியேட்டரின் ஒலியமைப்போ மைனஸ் 20 டெசிபல் சோதனை ஒலிக்கு ஒவ்வொரு திரை ஸ்பீக்கரும் 85 டெசிபல் தரும்படி, ஃபேடர் (ஒலி அளவுக் குமிழ்) 7இல் அளந்து வைக்கப்பட்டது. உங்கள் டிராக் ஓடத் தொடங்கியதும் ஆபரேட்டர் ஃபேடரை 4க்கு இறக்கிவிடுவார். அதற்குப்பின் மெல்லிய வசனம் ஏசி இரைச்சலில் கரைந்துபோகும்.

டிசிபி-ஓ-மேட்டிக்கில் ஒலி ஆய்வு என்றொரு சன்னல் உண்டு. உச்ச அளவையும் லஃப்ஸ் அளவையும் காட்டும், உச்சி முட்டினால் எச்சரிக்கும். சேனல்களை எது எங்கே போக வேண்டும் என்று கட்டங்களில் தொட்டு மாற்றலாம். கையில் ஸ்டீரியோ மட்டுமே இருந்தால் அதிலுள்ள மிட்-சைட் டீகோடரைப் பயன்படுத்துங்கள். இடத்துக்கும் வலத்துக்கும் பொதுவான ஒலியை எடுத்து நடுவில் போடும். வசனம் சரியாக நடுவில் மிக்ஸ் ஆகியிருந்தால் பலன் நன்றாகவே இருக்கும். ஸ்டீரியோவை 5.1 ஆக்கித் தரும் வசதியும் உண்டு, அதைத் தொடாமல் இருப்பதே மேல். பின்பக்க ஸ்பீக்கர்களில் வரவேண்டாததெல்லாம் வரும். இரண்டையும்விட நல்ல வழி, மிக்ஸிங் செய்தவரிடமே போய் வசனத்தை மோனோவாகவும், இசையும் எஃபெக்ட்ஸும் சேர்ந்ததை ஸ்டீரியோவாகவும் தனித்தனியே வாங்கி, வசனத்தை நடுவிலும் மற்றதை இடம் வலத்திலும் நீங்களே போடுவது. அரைநாள் வேலை.

5.1 மிக்ஸ் கையில் இருப்பவர்களுக்கு வேறொரு கண்ணி காத்திருக்கிறது. டிசிபியில் வரிசை இடது, வலது, நடு, சப்-ஊஃபர், இடது பின், வலது பின். சில ஸ்டுடியோக்கள் இடது, நடு, வலது, இடது பின், வலது பின், சப்-ஊஃபர் என்ற வரிசையில் ஒரே கோப்பாகத் தருவார்கள். மாற்றாமல் போட்டால் வசனம் வலது ஸ்பீக்கரிலிருந்து வரும், அடிநாதம் வலது பின்பக்க ஸ்பீக்கரில் போய் உறுமும். ஹெட்ஃபோனில் இது பிடிபடாது. ஆறு மோனோ கோப்புகளாக, ஒவ்வொன்றின் பெயரிலும் சேனலை எழுதிக் கேட்டு வாங்கிவிட்டால் இந்தப் பிரச்சினையே வராது. சேனல் எண்ணிக்கையையும் ஆறுக்குக் குறைக்காதீர்கள், ஸ்டீரியோ படமானாலும் சரி. ஆறுக்குக் கீழே போனால் சில தியேட்டர்களில் சிக்கல் வரும்.

வண்ணம், சப்டைட்டில்

இங்கே அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. டிஐ (வண்ணத் திருத்தம்) முடிந்து ரெக் 709 என்ற டிவி வண்ணத் தரத்தில் எடுத்த புரோரெஸ் கோப்பைக் கொடுத்தால் தியேட்டருக்கான எக்ஸ்ஒய்இசட் வண்ணவெளிக்குத் தானே மாற்றிக்கொள்ளும். கறுப்பு சாம்பலாக வெளிறித் தெரிந்தால் வீடியோ ரேஞ்ச், ஃபுல் ரேஞ்ச் என்ற அமைப்பு மாறிக் கிடக்கிறது என்று பொருள். படத்தில் வரும் இரவுக் காட்சிகள் திரையில் தெளிவாகத் தெரியும் என்று மட்டும் நம்பாதீர்கள். திரையின் வெளிச்சம் 14 ஃபுட்-லாம்பர்ட் இருக்க வேண்டும் என்பது தரம், ஆயுள் முடியப்போகும் விளக்கு அதில் பாதியைத் தந்தாலே அதிகம். சோதனை ஓட்டத்தில் முதலில் பார்க்க வேண்டியது படத்திலேயே மிக இருட்டான காட்சியைத்தான்.

ஆங்கில சப்டைட்டிலைத் தனி அடுக்காகவும் வைக்கலாம், படத்தோடு பதித்தும் விடலாம். தமிழ் எழுத்தில் சப்டைட்டில் என்றால் பதித்துவிடுவதே பாதுகாப்பு. கொம்பும் காலும் எழுத்தை விட்டுப் பிரிந்து நிற்கும் அபாயத்தை சர்வரிடம் ஒப்படைக்க வேண்டாம்.

இடைவேளையும் சட்டப்படி சேர்க்க வேண்டியவையும்

இந்த மென்பொருளில் இடைவேளை தொடங்கும் ஃபிரேமையும் எண்ட் டைட்டில் தொடங்கும் ஃபிரேமையும் குறித்து வைக்க மார்க்கர்கள் உண்டு. ஆனால் மார்க்கர் போட்டதாலேயே அரங்கில் விளக்கு எரியாது. ஆபரேட்டர் அதைப் பார்த்துத் தன் பட்டியலில் க்யூ (விளக்குக்கான கட்டளை) போட வேண்டும். முதல் பாதி, இரண்டாம் பாதி என இரண்டு தனி டிசிபியாகச் செய்துவிடுவதுதான் நம்மூருக்குத் தோது. இடைவேளையில் பேச்சு, பாராட்டு என்று இழுத்தாலும் இரண்டாம் பாதியை நீங்கள் சைகை காட்டும்போது தொடங்கிக்கொள்ளலாம். ஒவ்வொரு பாதியின் தலையிலும் வாலிலும் ஒரு நொடி கறுப்பும் மௌனமும் விடுங்கள், இல்லையேல் ஒலி 'டப்' என்று அறுந்து விழும்.

டிக்கெட் விற்கும் காட்சியென்றால் சென்சார் சான்றிதழ் கட்டாயம். அழைப்பிதழ் காட்சி என்றாலும் பல தியேட்டர்காரர்கள் சான்றிதழைக் காட்டச் சொல்வார்கள், அவர்கள் லைசென்ஸ் அவர்களுக்கு முக்கியம். 2024 விதிகளுக்குப் பின் யுஏ என்பது 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரிந்திருக்கிறது. சான்றிதழ் படத்தின் தொடக்கத்தில் வர வேண்டும், வகையைப் போஸ்டரிலும் போட வேண்டும். புகைபிடிக்கும் காட்சி இருந்தால் தொடக்கத்திலும் நடுவிலும் 30 நொடி புகையிலை எதிர்ப்புப் படமும் 20 நொடி எச்சரிக்கையும் வர வேண்டும், அந்தக் காட்சியின்போது கீழே எச்சரிக்கை வாசகமும் ஓட வேண்டும். இவற்றையெல்லாம் சேர்த்தபின் டிசிபி செய்யுங்கள். சென்சார் பார்த்த பதிப்பும் டிசிபியில் போகும் பதிப்பும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று தனியே சொல்லத் தேவையில்லை. கடைசி நேரத்தில் "இந்த ஒரு ஷாட்டை மட்டும்" என்று கிளம்பும் இயக்குநர்களுக்காகச் சொல்லி வைக்கிறோம்.

டிஸ்க்கில் ஏற்றுவது

டிசிபி ஃபோல்டருக்குள் எந்தக் கோப்பின் பெயரையும் மாற்றக்கூடாது. கூகுள் டிரைவில் ஏற்றி இறக்கும்போது ஒரு சின்ன எக்ஸ்எம்எல் விடுபட்டாலும் சர்வர் மொத்தத்தையும் நிராகரிக்கும். இதற்கென்றே கூட வரும் டிஸ்க் ரைட்டர், ஹார்ட் டிஸ்க்கை சர்வர்கள் எளிதில் படிக்கும் லினக்ஸ் இஎக்ஸ்டி2 வடிவத்துக்கு மாற்றி, படத்தை எழுதி, சரியாக எழுதப்பட்டதா என்றும் பார்த்துத் தருகிறது. விண்டோஸ், மேக் ஆட்களுக்கு இதுவே பாதி உயிர். கவனம்: டிஸ்க்கில் முன்பு இருந்தது அத்தனையும் அழியும். படத்தின் மூலக் கோப்புகள் இருக்கும் டிஸ்க்கைக் கொடுத்துவிடாதீர்கள். எழுதியபின் அந்த டிஸ்க் உங்கள் விண்டோஸ் கணினியில் திறக்காது, கெட்டுவிட்டதோ என்று பதற வேண்டாம்.

யுஎஸ்பி 2 இணைப்பில் நொடிக்கு 30 எம்பி போனால் 90 ஜிபி ஏற 50 நிமிடம். வியாழன் மாலை டிஸ்க்கோடு போகாதீர்கள். வெள்ளிக்கிழமைப் படங்கள் ஏறும் நேரம் அது, ஆபரேட்டர் உங்களை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார். திங்கள் அல்லது செவ்வாய், காலைக் காட்சிக்கு முன் போனால் சர்வரில் இடம் இருக்கிறதா என்று பார்த்து, பழையதை நீக்கி, பொறுமையாக ஏற்றித் தருவார். அப்போதே முழுப் படமும் வேண்டாம். இருட்டுக் காட்சி, மெல்லிய வசனம், சத்தமான பாட்டு, இடைவேளைப் புள்ளி, கடைசி ஐந்து நிமிடம் என்று அரை மணி நேரம் பாருங்கள். காலி அரங்கில் கேட்பதைவிட ஆட்கள் நிறைந்தால் ஒலி சற்று அமுங்கும். அதற்கும் சேர்த்து ஃபேடர் எண்ணை முடிவுசெய்து, தாளில் எழுதிக் கேபினில் ஒட்டிவிடுங்கள். காட்சி நாளன்று ஷிஃப்டில் வேறு ஆபரேட்டர் இருக்கக்கூடும்.

விளம்பரத்துக்கும் இதே மென்பொருள்

பலரும் கண்டுகொள்ளாத பயன் இது. ட்ரெய்லரையும் டிசிபியாக்கி, உங்கள் காட்சிக்கு இரண்டு வாரம் முன்பிருந்தே அதே தியேட்டரில் இடைவேளையில் போடச் சொல்லலாம். இரண்டரை நிமிட ட்ரெய்லர் 100 மெகாபிட்டில் சுமார் 2 ஜிபிதான் வரும், சாதாரண பென்டிரைவே போதும். அந்தத் தியேட்டருக்கு வழக்கமாக வரும் ஜனத்திடமே நேராகப் போய்ச் சேரும் விளம்பரம் வேறு கிடையாது. தியேட்டரில் போட ட்ரெய்லருக்கும் தனியாக சென்சார் வாங்க வேண்டும். படத்துக்கு விண்ணப்பிக்கும்போதே இதையும் சேர்த்துச் செய்யுங்கள். வாடகை பேசும்போதே ட்ரெய்லரையும் லாபியில் ஒரு ஸ்டாண்டியையும் (நிற்கும் விளம்பர அட்டை) அதே தொகைக்குள் கேட்டு வாங்குங்கள். அட்வான்ஸ் கொடுத்தபின் கேட்டால் கிடைக்காது.

ஞாயிறு காலை, வழக்கமான முதல் காட்சிக்கு முந்தைய நேரம்தான் சின்னப் படத்துக்கு வாகாகக் கிடைக்கும். படம் முடிந்து கேள்வி பதிலுக்கு 20 நிமிடம், அரங்கைப் பெருக்க 20 நிமிடம் கழித்துக் கணக்கிடுங்கள். போஸ்டரில் தியேட்டர் பெயர், கிழமை, தேதி, நேரம் ஆகியவை படத்தின் பெயருக்கு அடுத்தபடியாகப் பெரிதாக இருக்கட்டும். சர்வதேச விழா இலைச்சின்னங்களை வரிசையாக அடுக்கி நேரத்தைப் பொடி எழுத்தில் போடும் போஸ்டர்களே அதிகம். படப்பிடிப்பு நடந்த தெரு, நடித்த உள்ளூர்க்காரர்களின் பேட்டை, டீக்கடை, கல்லூரி விஸ்காம் துறை, நூலகம் என்று நூறு இடத்தில் ஒட்டினால் போதும். ஃப்ளெக்ஸ் வைக்க உள்ளாட்சி அனுமதி, ஆட்டோவில் மைக் கட்ட போலீஸ் அனுமதி. இலவச அழைப்பிதழை இருக்கை எண்ணிக்கைக்குச் சமமாக அடித்தால் அரங்கு பாதி காலியாகக் கிடக்கும். சின்னத் தொகையாவது டிக்கெட் போட்டால் வாங்கியவர் வந்துவிடுவார்.

குறைகளும் மாற்றுகளும்

முதல் குறை, ஆள் இல்லை. சனிக்கிழமை இரவு பத்து மணிக்கு சர்வர் ஏதோ பிழை எண் காட்டினால் போன் செய்ய ஒருவரும் கிடையாது. லேபுக்குக் கொடுக்கும் காசில் பெரும்பங்கு இந்த ஒரு வசதிக்குத்தான். இரண்டாவது, கேபினில் "எந்த லேப்?" என்று கேட்டு, வீட்டில் செய்தது என்றதும் முகம் சுளிப்பார்கள். எந்தப் பிழை வந்தாலும் பழி உங்கள் மேல்தான் விழும். அதனால் கூடவே வரும் சரிபார்ப்புக் கருவியை ஓட்டி, பிழையில்லை என்ற பிறகே டிஸ்க்கைக் கொடுங்கள். மூன்றாவது, இதன் பிளேயரில் பழைய லேப்டாப் திணறும். பாதித் தெளிவில் ஓட்டும் அமைப்பைப் போட்டுக்கொண்டால் ஒலிப்பொருத்தம் பார்க்கப் போதும். ஏற்கெனவே டாவின்சி ரிசால்வ் கட்டணப் பதிப்பு வைத்திருப்பவர்கள் அதிலேயே டிசிபி எடுக்கலாம். ஆனால் சேனல் மாற்றம், சப்டைட்டில், டிஸ்க் எழுதுவது என்று வரும்போது மறுபடி இங்கேதான் வந்து நிற்பார்கள்.

பூட்டுப் போடலாமா என்பது தனிக் கேள்வி. டிசிபியைப் பூட்டி, அந்த சர்வருக்கு மட்டும், குறிப்பிட்ட மணி நேரத்துக்கு மட்டும் திறக்கும் கேடிஎம் சாவியை இதிலேயே உருவாக்கலாம். அதற்கு அந்த சர்வரின் சான்றிதழ்க் கோப்பு வேண்டும். நேரத்தை இந்திய நேரம் 5:30 என்று குறிக்காமல் விட்டால் காலை 9 மணிக்குத் திறக்க வேண்டிய சாவி மதியம் இரண்டரைக்குத்தான் திறக்கும். சர்வர் பழுதாகி மாற்றினாலும் சாவி செல்லாது. ஒரே காட்சிக்கு இந்தத் தலைவலி வேண்டாம். டிஸ்க்கைக் கையோடு திரும்ப வாங்கி, காட்சி முடிந்ததும் சர்வரிலிருந்து நீக்குவதை நேரில் நின்று பார்த்துவிட்டு வாருங்கள். பல ஊர்களில் அடுத்தடுத்து வெளியிடப்போகிறீர்கள் என்றால் பூட்டு அவசியம். அந்தக் கட்டத்தில் வேலையை லேபிடம் விட்டுவிடுவதே மேல்.

கடைசியாக, மாற்று ஏற்பாடு. புரொஜக்டரில் எச்டிஎம்ஐ வழி லேப்டாப்பை இணைக்க முடியுமா, ஒலி எந்த உள்ளீட்டில் போகும் என்பதைச் சோதனை நாளிலேயே செய்து பாருங்கள். கேள்வி பதிலுக்கான மைக்கும் அநேகமாக அதே ஒலி உள்ளீட்டைத்தான் கேட்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் செருக இடமில்லை என்றால், சாமியானாக் கடையில் ஒரு பாக்ஸ் ஸ்பீக்கரும் இரண்டு கார்ட்லெஸ் மைக்கும் வாடகைக்கு எடுத்துத் திரைக்கு முன்னால் வைத்துவிடுங்கள்.